புது லேப்டாப் திரையில் பச்சைக் கோடு: மாற்றிக் கேட்கலாமா?

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். தம்பியின் படிப்புக்காகப் போன மாதம் காட்பாடியில் ஒரு கடையில் லேப்டாப் வாங்கினோம். இப்போது திரையின் வலது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை முடி கனத்தில் ஒரு பச்சைக் கோடு. மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் வருகிறது, நிமிர்த்தினால் மறைகிறது. கடைக்காரர் முன்னால் திறந்தால் மட்டும் வரவே வராது!

ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்தேன், அதில் கோடு விழவில்லை. ஹெச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியோடு இணைத்தால் டிவியில் படம் சுத்தம். விண்டோஸ் வருவதற்கு முன்னால், பயாஸ் திரையிலேயே கோடு தெரிகிறது. அப்படியென்றால் டிரைவர் (திரையை இயக்கும் மென்பொருள்) கோளாறு இல்லை. திரைப் பேனலோ, மூடிக்குள் போகிற டிஸ்ப்ளே கேபிளோதான். கடைக்காரர் "அப்டேட் போடுங்க, சரியாயிடும்" என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஃபுல் ஹெச்டி திரையில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். ஒன்றிரண்டு செத்திருந்தால் பல கம்பெனிகள் வாரண்டியில் எடுப்பதில்லை, சரி. இது முழுக் கோடு ஆயிற்றே?

சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் பேனலை மட்டும் மாற்றுவார்களா, புது மெஷினே வேண்டும் என்று நிற்கலாமா? வேலூரிலேயே முடியுமா, சென்னைக்கு அனுப்பிவிடுவார்களா? தம்பிக்குத் தேர்வு நெருங்குகிறது. கோடு தெரியும்போது எடுத்த வீடியோவும் பில்லும் கையில் இருக்கின்றன. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்து வேலை நடந்தவர்கள் யாராவது இருந்தால், என்ன சொல்லிப் பதிந்தீர்கள் என்று சொல்லுங்கள்.