புதுப்பிப்பு: ஆல்ட்டோவின் பின்னால் ஸ்பிளெண்டரைக் கொண்டுபோகலாமா?

மார்த்தாண்டத்திலிருந்து சென்னைக்குக் குடிபோகிறோம், ஆல்ட்டோ 800 காரின் பின்னால் கொக்கி வைத்து, அதில் கேரியர் மாட்டி ஸ்பிளெண்டர் பைக்கைத் தூக்கிப் போகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அப்படிக் கொண்டுபோகவில்லை. "பின் ஆக்சிலுக்கு எவ்வளவு பாரம் வரும், கணக்குப் போட்டுப் பாருங்க" என்ற யோசனைதான் முடிவைத் தந்தது. பைக் 112 கிலோ, இரும்புக் கேரியர் சுமார் 35. இது பின்சக்கரத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்கும். வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், 2.36 மீட்டர். பின்சக்கரத்தை மையமாக வைத்து நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். ஆக முன்சக்கரங்களில் கிட்டத்தட்ட 60 கிலோ குறைகிறது, பின்னால் 200-க்கு மேல் கூடுகிறது. வண்டியை இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம்தான். வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்றில் இதை நினைத்தாலே பயம்.

நாகர்கோவிலில் ஒரு பட்டறை அண்ணன் அடியில் படுத்து டார்ச் அடித்துக் காட்டினார்: கொக்கியைத் தாங்கத் தனிச் சேஸ் (கனமான இரும்புச் சட்டம்) கிடையாது, மெல்லிய தகடுதான். "யாராவது மாட்டித் தருவாங்க, நான் மாட்ட மாட்டேன்" என்றுவிட்டார்.

அப்புறம் இங்கே ஒருவர் சொன்ன ரயில் பார்சல்தான். நாகர்கோவில் ஜங்ஷனில் ஆர்.சி., ஆதார் நகல் கொடுத்து, சாக்கு சுற்றி அனுப்பினேன். நல்லபடியாக வந்துவிட்டது. எதிர்பாராதது பெட்ரோல்: குழாயைக் கழற்றி வடித்த பிறகும் டேங்கின் அடியில் கொஞ்சம் நிற்கிறது. வண்டியைச் சாய்த்து வடித்த பிறகே எடுத்துக்கொண்டார்கள்.

புல்லட்டை இப்படிக் காரில் கொண்டுபோகலாமா என்று கேட்ட நண்பருக்கு: அது 190 கிலோவுக்கு மேல். ரயில் வேண்டாம் என்றால் குட்டி யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி) பிடியுங்கள்.