சனிக்கிழமை சைக்கிள்

எங்க ஊர் திசையன்விளைப் பக்கம் ஒரு கிராமம். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது சேகரக் கமிட்டித் தேர்தல்ல, அதாவது எங்க சர்ச் நிர்வாகக் குழுத் தேர்தல்ல, ஊர் ரெண்டாயிட்டு. அப்பா ஒரு அணி, ஊர்ச் சபையைக் கவனிச்சுக்கிட்ட உபதேசியார் மற்ற அணி. ஓட்டு எண்ணின அன்னைக்குக் கோயில் முற்றத்துலயே ஒருத்தர், "இவன் வீட்டு அரிசி கோயிலுக்கு வேண்டாம்"னு அப்பாவைப் பார்த்துச் சொல்லிட்டார். அதுக்கப்புறம் அப்பா கோயில் படி மிதிக்கலை.

அம்மா மட்டும் உலை வைக்குமுன்னே கோயிலுக்குன்னு ஒரு கைப்பிடி அரிசியை டப்பாவுல போடுறதை நிறுத்தலை. ஞாயித்துக்கிழமை கொண்டு போகத்தான் ஆளில்லை. மூணாவது வாரம் சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியாரே சைக்கிள்ல வந்து நின்னார். "ஏ தாயி, டப்பா நிறைஞ்சிருக்குமே?" பைக்குள்ள கொட்டி, வாயை முடிஞ்சு, ஹேண்டில்ல மாட்டினார். திண்ணையில இருந்த அப்பா முகத்தைத் திருப்பிக்கிட்டார். "வாரேன் தம்பி"னு அவர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனார். அடுத்த சனியும் வந்தார், அதுக்கு அடுத்ததும். தேர்தல் பேச்சை ஒரு நாளும் எடுக்கலை.

ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் கதையைத் தாத்தா அடிக்கடி சொல்வார். 1820ல பாளையங்கோட்டைக்கு வந்தவர். 1835ல அவர் இருந்த மிஷனரிச் சங்கம் அவரை நீக்கிட்டு. ஆற்காடு வரைக்கும் போனவரை உபதேசிமாரும் சபையாரும் கூப்பிட, திரும்பி வந்தார். 1838ல இங்கேயே இறந்தார்; பாளையங்கோட்டை அடைக்கலபுரத்துலதான் கல்லறை. தாத்தா இதை ஜனங்களோட விசுவாசத்துக்குத்தான் சொல்வார். எனக்கு அவர் திரும்பி வந்ததுதான் பெருசாப் படும். மேய்ப்பனுக்கு ஆடு உண்மையா இருக்கணும்னு பிரசங்கம் நிறையக் கேட்டாச்சு. மேய்ப்பன் ஆட்டுக்கு உண்மையா இருக்கதை நான் பார்த்தது அந்தச் சைக்கிள்லதான்.

மறு வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ரெண்டாம் நாள் காலையில, பஸ் மாறி மாறி, கையில பிளாஸ்கோட வந்து நின்னார் உபதேசியார். டீயை மூடியில ஊத்தி ஆத்திக் கொடுத்தார். பெறவு கொஞ்சம் தயங்கி, "தம்பி, ஜெபம் பண்ணட்டுமா?"ன்னார். அவர் அனுமதி கேட்டு ஜெபம் பண்ணி நான் பார்த்ததில்லை. அப்பா பேசலை. கட்டில்ல இருந்தபடியே தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து மடியில வச்சார்.

அப்பா அவர் அணிக்கு மாறிடலை. அடுத்த தேர்தல்லயும் ரெண்டு பேரும் வேற வேற பக்கம்தான். ஆனா கோயில்ல ஒரே பாய்.

இப்ப உபதேசியாருக்கு நடக்க முடியலை. வருஷாவருஷம், கோயில்ல எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற அசனம் அன்னைக்குப் பந்தி போடுமுன்னே, அப்பா ஒரு தூக்குவாளியில சோறும் கறியும் வாங்கிட்டு அவர் வீட்டுக்குப் போயிருவார். தூக்குவாளி வெறுமனே திரும்பி வந்ததில்லை. ஒரு பிடி முருங்கைக்கீரையாவது உள்ளே கிடக்கும்.