வடக்கே தலைவைத்தால் பூமியின் காந்தப்புலம் தூக்கத்தைக் கெடுக்குமா? வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?

ஜெலுத்தோங்வாசி கேட்டது:

வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு அண்மையில் குடிவந்திருக்கிறோம். படுக்கையறையின் அமைப்பால் கட்டிலை வடக்குத் தெற்காக மட்டுமே போட முடிகிறது. தலைமாட்டைத் தெற்கில் வைத்தால் குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. வடக்கில் வைக்கலாம் என்றதும் என் மாமனார், "மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு" என்று சொல்லி ஒரேயடியாக மறுத்துவிட்டார். அது பெரியவர்களின் நம்பிக்கை. அதோடு எனக்கு வழக்கில்லை.

ஆனால் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இதற்கு "அறிவியல் காரணம்" என்று வரும் செய்திகள்தாம் உறுத்துகின்றன. பூமியின் வட காந்தமுனை நம் இரத்தத்திலுள்ள இரும்பை மூளைப் பக்கமாக இழுக்கிறது என்கிறது ஒன்று. மனிதத் தலை வடமுனை போன்றது, ஆகவே பூமியின் வடமுனை அதைத் தள்ளுகிறது என்கிறது மற்றொன்று. இழுப்பதும் தள்ளுவதும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்பது எனக்கே தெரிகிறது. என்னிடம் காந்தப்புலம் அளக்கும் செயலியுள்ள திறன்பேசியும், தூக்கத்தைப் பதிவுசெய்யும் கைக்கடிகாரமும் இருக்கின்றன. சில வாரம் வடக்கே, சில வாரம் தெற்கே படுத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வரலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர் எழுதியது:

உங்கள் கேள்வியில் இரண்டு கூற்றுகள் கலந்திருக்கின்றன. பூமியின் புலம் இரத்தத்தை இழுக்கிறது என்பது ஒன்று. படுக்கும் திசை தூக்கத்தை மாற்றுகிறது என்பது மற்றொன்று. முதலாவதைச் சோதிக்கத் தூங்கவே வேண்டியதில்லை. ஒரு தையல் ஊசி போதும்.

ஊசியை ஒரு நல்ல காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தடவிவிட்டு, மெல்லிய தக்கைத் துண்டில் குத்தி, பிளாஸ்டிக் தொட்டி நிறைய நீர் விட்டு நடுவில் மிதக்க விடுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள்; தொட்டி சிறியதாக இருந்தால் நீரின் பரப்பு இழுவிசையே தக்கையை விளிம்புக்குக் கொண்டுபோய்விடும். ஊசி மெதுவாகச் சுழன்று வடக்குத் தெற்காக நிற்கும். ஆனால் வடக்கு நோக்கி நகராது. இராபர்ட் நார்மன் என்ற ஆங்கிலேயர் 1581-இலேயே இதைச் செய்துகாட்டி, பூமி ஊசியைத் திருப்புகிறதே தவிர இழுத்துச் செல்வதில்லை என்று எழுதினார். காரணம், ஒரு பொருளைக் காந்தம் இழுக்க வேண்டுமானால் புலத்தின் வலிமை அந்தப் பொருளின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே கணிசமாக மாறியிருக்க வேண்டும். பூமியின் புலமோ உங்கள் தலையிலும் காலிலும் ஏறத்தாழ ஒன்றேதான். காந்தமேற்றிய எஃகையே இழுக்க முடியாத புலம், இரத்தத்தை எப்படி இழுக்கும்?

இரத்தத்தில் இருப்பதும் இரும்புத்தூள் அன்று. ஹீமோகுளோபின் மூலக்கூறில் பிணைந்த அணுக்கள் அவை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் டயா காந்தத் தன்மை உடையது, அதாவது காந்தத்தால் மிக மெலிதாகத் தள்ளப்படுவது என்றும், ஆக்சிஜன் நீங்கியது மெலிதாக இழுக்கப்படும் பாரா காந்தத் தன்மை உடையது என்றும் 1936-இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் அளந்து காட்டினார்கள். நம் பக்கத்தில் பூமியின் புலம் சுமார் 42 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகான டெஸ்லாவில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோடெஸ்லா). மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் 1.5 டெஸ்லா அதைப்போல் 35,000 மடங்குக்கும் மேல். அதற்குள் தலையை வைத்து அரை மணி நேரம் படுத்திருப்பவர்களுக்கே இரத்தம் மூளையில் போய்த் தேங்குவதில்லை. (காலை உணவுத் தானியத்தைக் காந்தம் இழுக்கும் காணொளிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அதில் சேர்ப்பது உண்மையிலேயே உலோக இரும்புத்தூள்.)

தள்ளுகிறது என்ற செய்திக்கு ஒரு வரி போதும்: புவியியல் வடக்கில் இருப்பது இயற்பியல் கணக்குப்படி காந்தத்தின் தென்முனை. அதனால்தான் திசைகாட்டியின் வடமுனை அதை நோக்கித் திரும்புகிறது. தலை வடமுனையாகவே இருந்தாலும் அது ஈர்க்கப்பட வேண்டுமே ஒழிய விலக்கப்படக் கூடாது.

செந்தூல் தமிழன் எழுதியது:

பொறியாளர் ஐயாவின் விளக்கம் சரி. ஆனால் இரத்தத்தை இழுக்கவில்லை என்பதாலேயே காந்தப்புலத்தை மூளை உணர்வதே இல்லை என்று முடித்துவிடக் கூடாது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஜோசப் கிர்ஷ்விங்க் குழுவினர், பூமியின் புலத்தை ஒத்த வலிமையுள்ள புலத்தை இருட்டறையில் அமர்ந்திருந்தவர்களைச் சுற்றிச் சுழற்றியபோது, சிலருடைய மூளையின் ஆல்ஃபா அலைகள் (மூளை ஓய்ந்திருக்கும்போது மேலோங்கும் மின்னலைகள்) தணிந்தன என்று 2019-இல் வெளியிட்டார்கள். அதை ஏற்காத அறிவியலாளர்களும் உண்டு, விவாதம் முடியவில்லை. நான் கோலாலம்பூரில் வீடு மாறி வடக்கே தலைவைத்துப் படுத்த காலத்தில் தூக்கம் சரியில்லை என்பதும் என் அனுபவம். சிரிக்காமல் சோதித்துப் பார்ப்பதே முறை.

ஆயர் ஈத்தாம் ஆசிரியை எழுதியது:

செந்தூல் ஐயாவின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வீடு மாறும்போது திசை மட்டுமா மாறுகிறது? தெருச் சத்தம், வெளிச்சம், மெத்தை, காற்று எல்லாமே மாறுகின்றன. ஜெலுத்தோங் நண்பரின் திட்டத்திலும் இதே ஓட்டை இருக்கிறது. கட்டிலில் தலைமாறிப் படுத்தால் குளிர்காற்று முகத்திலிருந்து காலுக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல், எந்த இரவு எந்தத் திசை என்பது படுப்பவருக்குத் தெரியும். "மரணம் வடக்கு" என்பதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவருக்கு வடக்கே படுத்த இரவில் ஒருமுறை விழிப்பு வந்தாலே மனம் கணக்கில் எழுதிக்கொள்ளும். கைக்கடிகாரமும் மூளை அலையை அளப்பதில்லை; அசைவையும் நாடித்துடிப்பையும் கொண்டு ஊகிக்கிறது.

ஆகவே ஆளைத் திருப்பாமல் புலத்தைத் திருப்ப வேண்டும். இது வீட்டில் செய்யக்கூடியதே. அரை மீட்டர் ஆரமுள்ள இரண்டு வளையங்களை அரை மீட்டர் இடைவெளியில், தலையணையின் இரு பக்கமும் கட்டிலைச் சூழ்ந்து நிற்கும்படி, வடக்குத் தெற்கு அச்சில் நிறுத்துங்கள். இதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் என்று பெயர். ஒவ்வொன்றிலும் எனாமல் பூசிய செம்புக்கம்பியை 50 சுற்றுச் சுற்றி ஓர் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவான நேர்மின்னோட்டம் விட்டால், நடுவில் சுமார் 84 மைக்ரோடெஸ்லா கிடைக்கும். இதைப் பூமியின் 42-க்கு எதிராக அமைத்தால், தலை இருக்கும் இடத்தில் அதே 42 எஞ்சும். திசை மட்டும் தலைகீழாகும். அங்கே திசைகாட்டியை வைத்தால் முள் முழுதாகத் திரும்பி நிற்கும்.

பினாங்கில் இருப்பது இதற்கு ஒரு வாய்ப்பு. நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே புலம் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே ஓடுகிறது. வடக்கே தலைவைத்தவர் உண்மையாகவே புலத்தின் போக்கில் படுக்கிறார். இலண்டனிலோ பெர்லினிலோ அது செங்குத்தாகத் தரைக்குள் இறங்குவது போலிருப்பதால், அங்கே எந்தப் பக்கம் தலைவைத்தாலும் புலத்தின் பெரும்பகுதி மார்பிலிருந்து முதுகுக்கே போகும். அந்தக் கூற்றில் ஏதாவது இருந்தால், நம் ஊரில்தான் நன்றாகத் தெரிய வேண்டும்.

கம்பியை ஒற்றையாகச் சுற்றாமல் இரட்டையாக 25 சுற்று சுற்றுவது நல்லது. இரண்டிலும் மின்னோட்டம் ஒரே திசையில் போனால் புலம் உண்டு. எதிரெதிராகப் போனால் ஒன்றை ஒன்று அழித்துவிடும், ஆனால் கம்பி அதே அளவு சூடாகும். சூட்டை வைத்துப் படுப்பவர் ஊகிக்க முடியாது. கிர்ஷ்விங்க் குழுவும் இவ்வகைப் போலி நிலையைப் பயன்படுத்தியது. 0.8 மில்லிமீட்டர் கம்பியானால் 12 வோல்ட் மின்கலமே போதும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கட்டிலுக்குக் கொண்டுவர வேண்டாம். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இதன் அருகே வரக்கூடாது.

ஒவ்வோர் இரவும் இன்னொருவர் நாணயத்தைச் சுண்டி அதன்படி சுவிட்சைப் போட்டு, எது என்று எழுதி உறையில் ஒட்டிவிட வேண்டும். காலையில் நீங்கள் தூக்கத்துக்கு மதிப்பெண் எழுதி, புலம் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் ஊகித்து எழுதுங்கள். 20 இரவுகள் முடிந்தபின் உறைகளைப் பிரியுங்கள். வெறும் ஊகத்தால் 15 அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகளைச் சரியாகச் சொல்வதற்கு 50-இல் ஒரு வாய்ப்பே உண்டு. 11, 12 என்று வந்தால் அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. எத்தனை இரவு என்பதை முதலிலேயே முடிவுசெய்து எழுதிவையுங்கள். சாதகமான எண் வந்தவுடன் நிறுத்திவிடும் ஆசை எல்லோருக்கும் வரும்.

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

மிக்க நன்றி. ஊசிச் சோதனையை நேற்றே செய்தேன். மாமனாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி திரும்பியது, நகரவில்லை. இரண்டு ஐயங்கள். எங்கள் கட்டில் மரம், ஆனால் மெத்தை சுருள்வில் மெத்தை. தலையணைப் பக்கம் திறன்பேசியை நகர்த்தினால் 30-க்கும் 60-க்கும் இடையே எண் தாவுகிறது. மற்றொன்று, சுவிட்சைத் தம்மிடம் கொடுத்தால் சோதனைக்குச் சம்மதம் என்கிறார் மாமனார்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர் எழுதியது:

முதலில் திறன்பேசியின் காந்த உறையைக் கழற்றிவிட்டு, அதைக் காற்றில் எட்டு வடிவத்தில் சுழற்றிச் சீர்செய்துகொண்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் தாவினால் காரணம் மெத்தையின் எஃகு வில்களும் தரையிலுள்ள கான்கிரீட் கம்பிகளும்தான். அந்த மெத்தையில் உங்கள் தலைக்கு எட்டும் புலம் வடக்கைக் காட்டுகிறதா என்பதே உறுதியில்லை. வாஸ்து பார்த்துக் கட்டில் போட்டு வில் மெத்தையில் படுப்பவர்கள் எல்லோருக்கும் இதே நிலைதான். சோதனைக் காலத்துக்கு நுரை மெத்தை அல்லது இரப்பர் மெத்தைக்கு மாறுங்கள். திசைகாட்டியைத் தலையணை நெடுக நகர்த்தும்போது முள் அசையாமல் நின்றால் தொடங்கலாம்.

ஆயர் ஈத்தாம் ஆசிரியை எழுதியது:

மாமனாரிடம் சுவிட்ச் வேண்டாம். அவர் மருமகப்பிள்ளையின் நலம் கருதி வடக்கு இரவுகளைத் தவிர்த்துவிடுவார். தவிர்க்காவிட்டாலும் காலையில் அவர் முகத்தைப் பார்த்தே உங்களுக்கு விடை தெரிந்துவிடும். நாணயம் சுண்டும் வேலையை அவர் செய்யட்டும், ஆனால் பூ விழுந்தால் சுவிட்ச் எந்தப் பக்கம் என்ற குறிப்பு பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் இருக்கட்டும்.