இன்கமிங்குக்கும் காசு பிடித்த காலம்: உங்கள் அனுபவம்?

நூல்கண்டு:
2000 வாக்கில், திருப்பூர். எங்கள் பனியன் கம்பெனி முதலாளியிடம் செல் இருந்தது. மணி அடித்தால் நம்பரைப் பார்ப்பார், கட் பண்ணுவார், எதிரே இருந்த டெலிபோன் பூத்தில் ஒரு ரூபாய் கொடுத்து அந்த நம்பரைத் திருப்பிக் கூப்பிடுவார். பூத் அண்ணனுக்குப் போலியோ. மாற்றுத்திறனாளிகளுக்கான முன்னுரிமையில் கிடைத்த பூத் அது. 2003-ல் இன்கமிங் இலவசம் ஆனதும் ஒரு நாள் முதலாளி அந்த பூத் வாசல் நிழலில் நின்றுகொண்டே செல்லில் வெகுநேரம் சிரித்துச் சிரித்துப் பேசினார். உள்ளே அண்ணன் ஓடாத மீட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஏதாவது பேசியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

கரிசல்காடு:
இன்கமிங் இலவசம் பூத்தை மூடவில்லை சார். பூத்துக்குச் சோறு போட்டது எஸ்.டி.டி. என்ற வெளியூர் கால். 2002 கடைசியில் ரிலையன்ஸ் இறங்கி, தங்கள் போன்களுக்குள் எஸ்.டி.டி. நிமிஷம் 40 பைசா என்றது. அடுத்த வருஷம் 501 ரூபாய் கட்டினால் கையில் போன். அங்கேதான் அடி. எங்கள் அப்பாவும் வாங்கினார். சிம்மை எங்கே போடுவது என்று பேட்டரியைக் கழற்றிக் கழற்றித் தேடினார். சி.டி.எம்.ஏ. என்ற வேறு தொழில்நுட்பத்தில் ஓடிய அந்த போனில் சிம்மே கிடையாது!

காந்திபுரம் ரீசார்ஜ்:
501-க்கு முன்னால் எதுவுமே இல்லாத மாதிரி பேசாதீர்கள். சென்னையில் 1995-லேயே ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டு செல் கம்பெனிகளும் வந்தாச்சு. முன்னது ஏர்டெல் கைக்குப் போனது, பின்னது ஏர்செல் கைக்கு. எங்கள் கோவைப் பக்கம் பி.பி.எல். என் கடைக்கு வரும் மில் மேனேஜர் ஒருத்தர் அப்போது வாங்கிய நம்பரை இன்னும் வைத்திருக்கிறார். பி.பி.எல்., ஹட்ச், வோடபோன், இப்போது வி. "வேற கம்பெனிக்கு மாறலையா சார்?" என்று கேட்டேன். "நான் எங்கே மாறினேன், அவங்கதான் மாறிட்டே இருக்காங்க" என்றார், சிரிக்காமல்.

ஓய்வுபெற்றவன்:
ஒரு கம்பெனி சேவையை நிறுத்தியபோது எங்கள் அத்தையின் நம்பர் போய்விட்டது. பேங்க், கேஸ் புக்கிங் எல்லாம் அதில்தான். அதனால் சொல்கிறேன். ப்ரீபெய்டு சிம்மைச் சும்மா போட்டு வைத்தால், 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் விடுவார்கள். அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாற, சிக்னல் இருக்கும்போதே பாருங்கள்: போர்ட் (PORT) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, உங்கள் நம்பரையும் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் மாறுவதற்கான கோடு (code) வரும். நாலு நாள்தான் செல்லும், வாங்கிவிட்டு மறந்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசுத் தளத்தில் பாருங்கள். ஒருவருக்கு ஒன்பதுவரை அனுமதி. தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். பேங்கில் பழைய நம்பர் இருந்தால் நாளைக்கே போய் மாற்றுங்கள்.

கரிசல்காடு:
யாரும் கேட்கவில்லையே ஐயா! இருந்தாலும் அந்த 1900-ஐக் குறித்துக்கொண்டேன். ரீசார்ஜ்காரருக்கு: சென்னையில் 95-ல் வந்தது சரி, நிமிஷத்துக்கு 16 ரூபாய் கொடுத்துப் பேசியவர் எத்தனை பேர்? கோவில்பட்டியில் எவரும் இல்லை.