மெசியே 73: நட்சத்திரங்களைச் சுற்றித் தெரியும் மங்கல் எதனால்?

வணக்கம். கும்ப ராசியிலுள்ள மெசியே 73, பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெசியே 1780இல் சிறிது நெபுலா (விண்வெளியிலுள்ள வாயு, தூசி மேகம்) கலந்ததாகக் குறித்துவைத்தபோதிலும், உண்மையில் ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கு நட்சத்திரங்களே. ஆயினும், தேன்கனிக்கோட்டை அருகே 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் 48 மடங்கில் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அந்த மங்கல் தெரிகிறது. 120 மடங்கில் மறைந்துவிடுகிறது. ஓசூரின் வெளிச்சம் வடக்கே இருப்பதால் அதன்மீது பழிபோட இயலாது. கண்ணருகு லென்ஸில் படிந்த பனியைத் துடைத்தேன், ஆடிகளைச் சீரமைத்தேன், ஒளிரும் ஆக்சிஜன் வாயுவின் ஒளியை மட்டும் கடத்தும் ஓ-3 ஃபில்டரைப் பொருத்தியபோது, ஒளிரும் வாயுவாயின் எடுப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய அந்த மங்கல், நட்சத்திரங்களோடு சேர்ந்தே மங்கியது. வானியலாளர் டிரேயர் 1888இல் வெளியிட்ட நெபுலா, நட்சத்திரக் கொத்துப் பட்டியலில் (NGC) இத்தகைய பதிவுகள் இன்னும் பல உள்ளன. அவற்றையும் பார்க்க எண்ணியுள்ளேன். கேமரா இன்றி, கண்ணால் மட்டும் பார்த்து, நெருங்கிய மங்கலான நட்சத்திரங்களை உண்மையான நெபுலாவிலிருந்து பிரித்தறிய நம்பகமான சோதனை எது?