புது உபுண்டு மே லீவுக்குள் வந்துவிடுமா? தேதியை எப்படிக் கணிப்பது?

நாகலூர் வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் லேபை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 12 டெஸ்க்டாப், எல்லாமே நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், அதனால் விண்டோஸ் 11 ஏற்றத் தகுதி இல்லாதவை. ஏழு மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04 நல்லபடியாக ஓடுகிறது. மீதி ஐந்தில் இன்னும் விண்டோஸ் 10, அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இந்த 2026 கோடை லீவில் பன்னிரண்டையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு 26.04 ஏப்ரலில் வரும் என்கிறார்கள். ஏப்ரல் என்றால் உண்மையிலேயே ஏப்ரல்தானா, இல்லை தள்ளிப்போய் ஜூன், ஜூலை ஆகிவிடுமா?

ஏன் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறேன் என்றால், பிள்ளைகள் இருக்கும்போது லேபைப் பிரித்துப் போட முடியாது. எனக்குக் கிடைப்பது மே மாதம் ஒன்றுதான், அதிலும் கோடை விழா நாட்களில் மலைப்பாதையில் வண்டி நகராது. இங்கே மத்தியானம் இடி இடித்தால் கரண்ட் போய்விடும், கூடவே நெட்டும் போய்விடும், அதனால் பெரிய கோப்பு எதையும் கீழே சேலத்தில் தம்பி வீட்டில்தான் இறக்குவேன். போன தடவை அப்படித்தான் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, முதல் மெஷினில் செருகி, கோப்புகளை நகலெடுக்கும் கட்டத்தில் பிழை காட்டி நின்றுவிட்டது. மறுபடி பஸ் பிடித்துக் கீழே போனேன், ஒரு முழு நாள் வீண். தேதி தெளிவாகத் தெரிந்தால் எல்லாவற்றையும் திட்டமிடலாம்.

அஸ்தம்பட்டிக்காரன்

சார், நிம்மதியாக இருங்கள், உபுண்டுவின் தேதியைக் கணிக்கவே வேண்டாம், அதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 26.04 என்றால் 2026-ஆம் வருஷம் நான்காம் மாதம். அட்டவணையில் ஏப்ரல் 23 என்று போட்டிருக்கிறார்கள், வியாழக்கிழமை. பழைய நீண்டகாலப் பதிப்புகளைப் பாருங்கள்: 2018-இல் ஏப்ரல் 26, 2020-இல் ஏப்ரல் 23, 2022-இல் ஏப்ரல் 21, 2024-இல் ஏப்ரல் 25. எல்லாமே வியாழன். 2004 அக்டோபரில் முதல் பதிப்பு வந்ததிலிருந்து ஒரே ஒரு தடவைதான் மாதம் தவறியது, 2006-இல். ஏப்ரலில் வர வேண்டியதை ஆறு வாரம் தள்ளி ஜூன் 1-ஆம் தேதி விட்டார்கள், அதனால்தான் அதன் எண் 6.06.

இப்படி நாள் தவறாமல் எப்படி விட முடிகிறது என்பதுதான் இதில் முக்கியம். அங்கே தேதி நகராது, சரக்குதான் குறையும். உபுண்டுவின் திரைத்தோற்றமான க்னோம் டெஸ்க்டாப் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வரும், அதற்கு ஒரு மாதம் பின்னால் உபுண்டு. பிப்ரவரியில் புது வசதிகளுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், அதற்குள் தயாராகாதது அடுத்த பதிப்புக்குப் போக வேண்டியதுதான். 2024-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். மார்ச் 29-ஆம் தேதி எக்ஸ்இஸட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரலில் யாரோ பின்வாசல் வைத்திருந்தது வெளியே தெரிந்தது, மொத்த லினக்ஸ் உலகமும் பதறிப்போனது. உபுண்டுக்காரர்கள் மென்பொருள் பொதிகளைத் திரும்பவும் கட்டினார்கள், பீட்டா எனும் சோதனைப் பதிப்பு ஏப்ரல் 4-இலிருந்து 11-க்குப் போனது. ஆனால் இறுதிப் பதிப்பு சொன்னபடி ஏப்ரல் 25-ஆம் தேதியே வந்துவிட்டது. அவ்வளவு பெரிய இடியையே அந்த அட்டவணை தாங்கியது, அதனால் மே முதல் வாரத்தைத் தைரியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. 22.04-இலிருந்து 26.04-க்கு ஒரே தாவாகத் தாவ முடியாது, நடுவில் 24.04-ஐத் தொட்டுத்தான் போக வேண்டும். அதோடு பழைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு 'புதியது வந்திருக்கிறது' என்ற அறிவிப்பு 26.04.1 வந்த பிறகுதான் காட்டும், அது ஆகஸ்ட் சமாச்சாரம். உங்களுக்கு ஆகஸ்ட் ஆகாது, அதனால் பிள்ளைகளின் கோப்புகளை ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு எல்லாவற்றிலும் புதிதாகவே நிறுவிவிடுங்கள். 4 ஜிபி ராமுக்கு க்னோம் கனமாக இருக்கும். உபுண்டுவின் இலகுவான வகைகளான லுபுண்டு அல்லது ஜுபுண்டு பாருங்கள், இரண்டும் உபுண்டுவோடு அதே நாளில் வரும், ஆதரவு மட்டும் ஐந்து வருஷத்துக்குப் பதில் மூன்று வருஷம்.

செவ்வாய்ப்பேட்டை அச்சகம்

நான் விண்டோஸ் பக்கம், கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை. எங்களுக்கு இந்த மாதிரி அட்டவணை கிடையாது, அதனால் கணிப்பு என்றால் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது, விஸ்டா கடைக்கு வந்தது 2007 ஜனவரியில், நடுவில் 2004-இல் செய்த வேலையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் 7, 8 இரண்டும் மூன்று மூன்று வருஷ இடைவெளியில் வந்தன, சரி, மூன்று வருஷம்தான் கணக்கு என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். 10 வந்தது 2015 ஜூலையில். மூன்று வருஷக் கணக்குப்படி 2018-இல் அடுத்தது வந்திருக்க வேண்டும், வந்ததோ 2021 அக்டோபர் 5-ஆம் தேதி. இடைவெளியை வைத்துப் போடும் கணக்கு அங்கே எடுபடாது. நான் கண்ட ஒரே நல்ல அடையாளம் அவர்கள் வாயால் அறிவிப்பதுதான். 2021 ஜூன் 24-ஆம் தேதி அறிவித்தார்கள், மூன்றரை மாதத்தில் கைக்கு வந்தது.

வாத்தியார் சாருக்கு நான் சொல்ல வருவது வேறு. வெளியீட்டுத் தேதி ஒன்று, நம் கடைக்கு அது தயாராகும் தேதி இன்னொன்று. எங்களிடம் பழைய தமிழ் எழுத்துருக்கள், அதற்கேற்ற கீபோர்டு மென்பொருள், பத்து வருஷத்துப் பிரிண்டர் எல்லாம் உண்டு, இவற்றில் ஒன்று புதியதோடு ஒத்துவராவிட்டாலும் வேலை நிற்கும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ் குவியும், அந்த மாதம் எந்தக் கம்ப்யூட்டரிலும் கை வைக்க மாட்டேன். என்ன வந்தாலும் ஆவணி பிறந்த பிறகுதான். அதற்கு முன்பே தனியாக ஒரு மெஷினில் போட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையை முதலிலிருந்து கடைசிவரை அடித்து, பிளேட்டுக்கு அனுப்புகிற வரை பார்த்துவிடுவேன். நீங்களும் மார்ச் கடைசியில் பீட்டா வந்ததும் ஒரே ஒரு மெஷினில் போட்டுப் பாருங்கள். புரொஜெக்டர் தெரிகிறதா, பிரிண்டர் பேசுகிறதா, தமிழ்99 விசைப்பலகையில் ஒரு பக்கம் அடிக்க முடிகிறதா, இந்த மூன்றும் சரியென்றால் மிச்சம் பதினொன்றையும் பற்றிக் கவலை இல்லை.

காப்பித்தோட்டம்

நானும் ஏற்காடுதான் சார், தோட்டத்துக் கணக்கெல்லாம் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் வைத்திருக்கிறேன். அங்கே தயாரானால்தான் வெளியே விடுவார்கள், தேதிக்காக விடமாட்டார்கள். ஆனாலும் கணிக்க முடியும், எப்படி என்றால் நம் காப்பிப் பூ மாதிரி. பூ மழை எந்த நாள் பெய்யும் என்று பிப்ரவரியில் யாராலும் சொல்ல முடியாது, மொட்டு காய்ந்த மாதிரி கெட்டியாக உட்கார்ந்திருக்கும். ஆனால் நல்ல மழை ஒன்று விழுந்துவிட்டால் ஒன்பது பத்து நாளில் மலையே வெள்ளையாகிவிடும், அதை விரல் விட்டு எண்ணலாம். டெபியனில் அந்த மழைதான் உறைநிலை, அதாவது புது மாற்றங்களை நிறுத்திவிட்டுப் பிழைகளை மட்டும் திருத்தும் கட்டம். ஒற்றைப்படை வருஷத்தின் ஆரம்பத்தில் உறைய வைப்பார்கள், பிறகு வெளியீட்டைத் தடுக்கும் வழுக்களின் எண்ணிக்கை வாரா வாரம் இறங்கும், அது இறங்க இறங்க நாள் நெருங்குகிறது என்று அர்த்தம். 2019-இல் ஜூலை 6, 2021-இல் ஆகஸ்ட் 14, 2023-இல் ஜூன் 10, 2025-இல் ஆகஸ்ட் 9. மாதம் மாறும், பருவம் மாறாது. உங்கள் மே லீவுக்கு இது பொருந்தாது, டெபியன் 13 ஏற்கெனவே கைவசம் இருக்கிறது, வேண்டுமானால் எதற்கும் காத்திராமல் இன்றைக்கே போடலாம்.

மின்ட் என்ற லினக்ஸைப் பற்றி யாராவது சொல்லுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது உபுண்டுவின் மேல் கட்டுவது, அதனால் எப்போதுமே பின்னால்தான் வரும். 2020-இல் ஜூன் கடைசி, 2022-இலும் 2024-இலும் ஜூலை கடைசி. பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

அப்புறம் அந்தப் பென் டிரைவ் விஷயம். எனக்கும் இதே மலையில் இதே அனுபவம் உண்டு. இறக்கி முடித்ததும் கீழேயே டெர்மினலில், கோப்பு சேதமில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் sha256sum என்ற கட்டளையைப் போட்டு, வரும் நீள எண்ணைத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள், முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் ஒத்துப்போனாலே பெரும்பாலும் போதும். பென் டிரைவில் எழுதிய பிறகு தம்பி வீட்டு மெஷினிலேயே ஒருமுறை அதிலிருந்து பூட் செய்து பாருங்கள், நிறுவ வேண்டாம், திரை வருகிறதா என்று மட்டும். இரண்டு பென் டிரைவாகக் கொண்டு வாருங்கள்.

நாகலூர் வாத்தியார்

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. தேதி தள்ளிப்போகுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன், செவ்வாய்ப்பேட்டைக்காரர் சொன்ன பிறகுதான் பீட்டாவில் ஒரு மெஷினைச் சோதிக்கலாம் என்றே தோன்றியது. ஜன்னலோரம் இருக்கும் ஒன்பதாம் நம்பர் மெஷினில் மார்ச் கடைசியில் லுபுண்டு பீட்டா போடுகிறேன், எங்கள் புரொஜெக்டர் பழசு, அதில்தான் சந்தேகம். இறுதிப் பதிப்பு வந்ததும் ஏப்ரல் 25 சனிக்கிழமை கீழே இறங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு பென் டிரைவோடு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். அக்கா, உங்கள் தோட்டம் எந்தப் பக்கம்? டெபியன் 13 இறக்கி வைத்திருந்தால் வழியில் வந்து அதையும் வாங்கிக்கொள்கிறேன், லுபுண்டு கை கொடுக்காவிட்டால் அதைப் போட்டுவிடலாம்.

காப்பித்தோட்டம்

செம்மநத்தம் பக்கம் சார். கோப்பு இருக்கிறது, சரிபார்த்தும் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், மத்தியானத்துக்கு மேல் இங்கேயும் கரண்ட் நிச்சயமில்லை.