புதுப்பிப்பு: குடோன் பூஞ்சையிலேயே அலர்ஜி டெஸ்ட் சாறு எடுக்கலாமா?

முன்னாடி கேட்டது இதுதானுங்க. ஈரோட்டு மஞ்சள் குடோன்ல வேலை பார்க்கிற எங்க மாமாவுக்கு மூட்டையைப் பிரிச்சாலே இளைப்பு. அலர்ஜி டெஸ்ட்டுக்குச் சாறைச் சொட்டு வச்சுத் தோல்ல குத்திப் பார்த்ததுல பூஞ்சைச் சாறு எல்லாமே நெகட்டிவ். குடோன் பூஞ்சையையே வளர்த்துச் சாறெடுத்துப் பார்க்கலாமா?

கோயமுத்தூர்ல மைக்ரோபயாலஜி படிக்கிற அத்தை பொண்ணு தட்டுல வளர்த்துக் காட்டுச்சு. நடுவுல சாம்பல் பச்சையா மாவு மாதிரி, ஓரத்துல வெள்ளை நூல். ஆஸ்பர்ஜில்லஸ் வகையா இருக்கும்னுச்சு. வளர்க்கிறது சுலபம், சாறுதான் வில்லங்கம். திரவத்துல வாரக்கணக்கா வளர்த்து, கொன்னு, உலர்த்தி அரைச்சு, கொழுப்பை நீக்கி, பஃபர்ல (அமிலத்தன்மை மாறாத கரைசல்) ஊறவச்சு, கிருமி போக 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டணும். அப்பவும் ஒரே பூஞ்சை, வளர்க்கிற விதத்துக்குத் தகுந்த மாதிரி வேற வேற புரதம் குடுக்கும். ஆல்டர்னேரியாங்கிற இன்னொரு பூஞ்சையோட முக்கிய அலர்ஜிப் புரதம் ஆல்ட் ஏ 1, கம்பெனிக்குக் கம்பெனி சாறுல ஏகத்துக்கு மாறுமாம். போதாக்குறைக்கு, பூஞ்சையிலேயே புரதத்தைச் சிதைக்கிற என்சைம் வேற. அதனால மகரந்தச் சாறோட ஒரே பாட்டில்ல கலக்கறதில்லை.

அலர்ஜி மாத்திரையால நெகட்டிவ் வந்திருக்குமோன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. ஒப்பிட்டுப் பார்க்க ஹிஸ்டமின் (அலர்ஜில தடிப்பு உண்டாக்கற பொருள்) சொட்டு வச்ச இடம் நல்லாவே தடிச்சுது; மாத்திரை வேலை செஞ்சிருந்தா அதுவும் அமுங்கியிருக்கும், அதனால அது இல்லீங்க.

வீட்டுல சாறெடுத்துக் கையில குத்திப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாமுங்க. கிருமியும் தெரியாது, வீரியமும் தெரியாது. டாக்டர் ரத்தத்துல ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஇ (அந்தப் பூஞ்சைக்கு எதிரா உடம்பு உண்டாக்கற அலர்ஜி ஆன்டிபாடி) பார்க்கச் சொல்லியிருக்காரு. ரிசல்ட் வந்ததும் போடறேன். மாமா இப்போதைக்கு பில் போடற மேசையில உக்காந்துக்கறாரு.